வல்லைக்கு இஞ்சால், வல்லைக்கு அங்கால்

1

பின்னேரம் மூன்று மணி இருபதுக்கு என் மகள் ஆரணியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "பஸ் வல்லைக்கு வந்திட்டுது. காத்து சூப்பர்." அதன் பிறகு அவளுடைய தொலைபேசி பேசவில்லை.

கெட்டது தொடங்கிய நேரம் அதுதான். ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது. நான் இணுவிலில் அண்ணை வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து, அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நோர்வேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பத்தொன்பது வயது, தனியாக பஸ் ஏறி நெல்லியடிக்குப் போகிறாள். வல்லைக் காற்றைப் பற்றி எனக்கே செய்தி அனுப்புகிறாள் என்ற பெருமை.

ஒரு வருடம் கழித்து பேர்கன் நகரத்தில் என் சமையலறை மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். வெளியே மழை. இங்கே மழை பெய்யாத நாளைத்தான் ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நேற்று வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில், ஒஸ்லோவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண் கேட்டாள்: "பேர்கன் பிள்ளைகள் குடையோடுதான் பிறப்பார்களா?" உள்ளூர்க்காரர் ஒருவர் முகத்தை அசைக்காமல் பதில் சொன்னார்: "இல்லை. குடை ஒஸ்லோக்காரருக்கு. எங்களுக்கு மழை என்பது வெளியே போவதற்கு ஒரு காரணம்." மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு எழுந்துபோய்க் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவுகிறவன் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றேன். மழையும் பகிடியும் ஒன்றாக வந்தால் எனக்கு இன்னும் அந்தப் பின்னேரம்தான்.

2

வல்லை தெரியாதவர்களுக்காக: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் தெருவில் ஆவரங்கால் தாண்டியதும் வீடுகள் நின்றுவிடும். மரங்களும் நின்றுவிடும். பிறகு இருக்கிறதெல்லாம் வெளி, உப்புநீர், தெரு, காற்று. அந்த வெளிக்கு இந்தப்பக்கம் வலிகாமம், அந்தப்பக்கம் வடமராட்சி. நான் இந்தப்பக்கம், இணுவில். என் மனைவி அந்தப்பக்கம், நெல்லியடி. நாங்கள் சந்தித்துக்கொண்டது பேர்கனில். ஆனால் கலியாணம் பேசியபோது என் பெரியமாமி கேட்ட முதற் கேள்வி, "வெளிநாடெண்டால் பரவாயில்லை. ஆனால் வல்லைக்கு அங்கால் எண்டு சொல்லுறாய்?"

எங்கள் இரண்டு பக்கத்துக்கும் இடையில் எந்தப் பகையும் இருந்ததில்லை. இருந்தது பகிடி. இணுவிலார் மழை இருட்டினாலே வாசல் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள், வெங்காயத்துக்குக் குடை பிடித்த பிறகுதான் பிள்ளையைத் தேடுவார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். வடமராட்சியார் வல்லைக் காற்றை மேவிக் கத்திக் கத்தியே குரல் பெருத்தவர்கள், காதுக்குள் ரகசியம் சொன்னாலும் கடலில் போகிறவனுக்குக் கேட்கும் என்று நாங்கள் சொல்வோம். சூரியன் தங்களிடம் அனுமதி வாங்கித்தான் எங்கள் பக்கம் வருகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. மழை எங்கள் தோட்டத்துக்கு வேண்டிய அளவைப் பெய்துவிட்டு மிச்சத்தைத்தான் அவர்களுக்கு அனுப்புகிறது என்பது எங்களுடையது.

இந்தக் கலையில் பெரிய ஆள் என் மனைவியின் தமையன் நேசன். நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட இரும்புக்கடை வைத்திருக்கிறான். எனக்கு மச்சான். மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையில் நேர்ப்பேச்சு என்பது எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதைக்குறைவு. இருபத்தைந்து வருடமாக அவனும் நானும் தொலைபேசியில் ஒருவரையொருவர் சுகம் விசாரித்ததே இல்லை. "இன்னும் இருக்கிறியோ?" என்று அவன் கேட்பான். "உன்ரை குரல் போனில்லாமலே கேக்குது, வை" என்று நான் சொல்வேன். அதுதான் சுகம் விசாரிப்பு.

ஆரணிக்கு இது விளங்கவில்லை. தமிழ் அவளுக்கு விளங்கும், கதைப்பாள், தமிழ்ப் பாடசாலையில் பரிசும் வாங்கியிருக்கிறாள். ஆனால் பகிடி விளங்காது. நோர்வேப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, "என் அப்பாவின் குடும்பமும் அம்மாவின் குடும்பமும் ஒருவரையொருவர் கேலிசெய்து வதைக்கிறார்கள்" என்று எழுதிவிட்டாள். இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வதை என்ற சொல்லை எழுதினால் எச்சரிக்கை மணி அடிக்கும். ஆசிரியை என்னை அழைத்தார். மேசையில் தேநீர், ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை, நிரப்புவதற்கு ஒரு படிவம். வீட்டில் எவ்வளவு காலமாக இந்தப் பிரச்சினை, பிள்ளை இதனால் நித்திரை குழம்புகிறாளா என்று கேட்டார். நான் ஒரு தாளை எடுத்துக் குடாநாட்டை வரைந்து, நடுவில் வல்லையைப் போட்டு விளக்கம் சொன்னேன். பகிடிக்கு விளக்கம் சொல்லச் சொல்ல அது உண்மையாகவே ஒரு குற்றம் மாதிரித் தெரியத் தொடங்கியது. கடைசியில் ஆசிரியை கேட்டார், "இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம்?" நான், "ஒரு வெளி" என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய கணவர் பேர்கனுக்கு எதிரே, குடாக்கடலுக்கு அந்தப்பக்கத்துக்காரராம்; அவர்கள் வீட்டிலும் இதே பகிடிதானாம்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆரணி கேட்டாள்: "அப்பா, நேசன் மாமாவுக்கு எங்களைப் பிடிக்காதோ?"

அன்றைக்கு நான் சொன்ன மறுமொழியில் எனக்கே திருப்தி இல்லை. ஒரு மொழியை எழுத்திலிருந்து படிப்பிக்கலாம். சிரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

3

போன வருடம் என் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காக நானும் ஆரணியும் ஊருக்குப் போயிருந்தோம். மனைவிக்கு மருத்துவமனையில் விடுமுறை கிடைக்கவில்லை. கார்த்திகை மாதம். நாங்கள் இறங்கிய நாளிலிருந்தே மழை. திவசம் முடிந்த மறுநாள் மத்தியானம் நேசன் தொலைபேசி எடுத்தான். எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மருமகளை எப்ப அனுப்பப் போறாய்?"

"மழை இருட்டிக்கொண்டு நிக்குது மச்சான். தாழமுக்கம் எண்டு ரேடியோவிலை சொல்லுறான். நாளைக்குப் பாப்பம்."

"உதைத்தான் நான் சொல்லுறது. மழை இருட்டினால் உங்கடை ஆக்கள் படலையைச் சாத்திப்போடுவினம். மழைக்குள்ளை வல்லை வரைக்கும் வந்த ஒரு இணுவிலானை நான் இன்னும் காணேல்லை. சரி, படலைக்குப் பூட்டும் போடு. வைக்கிறன்."

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். ஆரணி சிரிக்கவில்லை. உள்ளே போனாள். முதுகுப் பையோடும் பேர்கனில் போடும் மஞ்சள் மழையங்கியோடும் வெளியே வந்தாள்.

"நான் போறன்."

"எங்கை?"

"மாமா வீட்டை. மாமா எங்களைப் பற்றி அப்பிடி நினைக்கக் கூடாது."

"பிள்ளை, அது பகிடி."

"எல்லா நேரமும் பகிடி எண்டுதான் சொல்லுறீங்கள். அவருக்குச் சொல்ல வேண்டாம். போய் வாசல்லை நிண்டு காட்டுறன்."

நான் மறித்திருக்கலாம். ஆனால் மழை அப்போது தூறலாகத்தான் இருந்தது. பேர்கனில் இதைவிடப் பெரிய மழையில் அவள் பள்ளிக்கூடம் போனவள். அதற்கும் மேலாக, மறித்தால் நேசன் சொன்னது சரி என்று ஆகிவிடும். எங்கள் பக்கத்து மனிதன் ஒருவனுக்குத்தான் இந்தக் கணக்கு விளங்கும். அண்ணை அவளைக் கூட்டிக்கொண்டுபோய் உரும்பிராய்ச் சந்தியில் பருத்தித்துறை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.

மூன்று இருபதுக்குச் செய்தி. நான்கு மணிக்கு முற்றத்துத் தென்னைகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. மழை மேலிருந்து விழாமல் பக்கத்திலிருந்து வந்தது. மின்சாரம் போனது. ஆரணியின் தொலைபேசிக்கு எடுத்தேன், தொடர்பில்லை. நேசனுக்கு எடுத்தேன்.

"என்ன மச்சான், என்ரை ஆள் வந்து சேந்திட்டாளோ?"

அவன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஓமோம், வந்திட்டா. வல்லை முனி தோளிலை தூக்கிக்கொண்டு வந்து வாசல்லை இறக்கிவிட்டுது. இப்ப ரெண்டாவது தேத்தண்ணி குடிக்கிறா."

எனக்கு உயிர் வந்தது. "அவளுக்குச் சீனி குறைச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். நிம்மதியாக நானும் ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

அரை மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும். பேர்கனிலிருந்து மனைவியின் செய்தி: நேசன் அண்ணனும் மகளும் நிற்கிற படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். நான் திரும்பவும் நேசனுக்கு எடுத்தேன்.

"மச்சான், பிள்ளையிட்டை ஒருக்காக் குடு."

"எந்தப் பிள்ளையிட்டை?"

"பகிடியை விடு. தாய் படம் கேக்கிறா."

"நீ முதல் பகிடியை விடு. மழைக்குள்ளை நீ பிள்ளையை அனுப்பியிருப்பியோ? எனக்குத் தெரியாதே உன்னை?"

"மச்சான்."

"என்ன?"

"அவள் ரெண்டு மணி பஸ்ஸிலை வெளிக்கிட்டவள். வல்லையிலை நிண்டு மெசேஜ் போட்டவள்."

அந்தப் பக்கம் நேசன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிய சத்தம் கேட்டது.

"மெய்யாவோ கேக்கிறாய்?" என்றான். அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல். மெல்லிய குரல்.

"மெய்யா."

"இஞ்சை வரேல்லையடா. நான் நீ சும்மா கேக்கிறாய் எண்டு..."

அதற்குள் தொடர்பு அறுந்தது. பிறகு அன்றைக்கு அது வரவே இல்லை.

இருபத்தைந்து வருடமாக நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு நேர்ச்சொல்கூடச் சேர்த்துவைக்கவில்லை. வேண்டிய நேரத்தில் எடுக்கக் கையில் ஒன்றும் இருக்கவில்லை. என் கேள்வி அவனுக்குப் பகிடி. அவன் மறுமொழி எனக்கு உண்மை.

4

அண்ணையின் மகனுடைய ஓட்டோவில் நானும் அண்ணையும் போனோம். வெளிக்கிடும்போது அண்ணை படலையைச் சாத்தவில்லை. மழையில் எங்கள் வீட்டுப் படலை ஆவெனத் திறந்து கிடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை.

நீர்வேலியில் வாழைகள் தோட்டம் தோட்டமாகப் படுத்திருந்தன. புத்தூர் தாண்ட மனிதர்கள் தெருவில் நின்று கையைக் காட்டினார்கள், "அங்காலை ஏலாது." ஆவரங்காலுக்கு அப்பால், கடைசிக் கட்டடமான ஒரு தேத்தண்ணிக் கடையடியில், பொலிஸ்காரர் ஒருவர் கடையில் ஆட்கள் இருக்கிற மரவாங்கு ஒன்றைத் தெருவுக்குக் குறுக்கே போட்டு மறித்திருந்தார். ஓட்டோவை விட்டு இறங்கினேன்.

அங்கே நான் கண்டதை எப்படி எழுதுவது என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன்.

தெரு கொஞ்சத் தூரம் போய்த் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு வெளி இல்லை. உப்புநீர் ஏரி இல்லை. தரை எது, நீர் எது, வானம் எது என்று பிரிக்கிற கோடு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே ஈயநிறம். மின்கம்பங்கள் மட்டும் வரிசையாகப் போய், ஒவ்வொன்றாகச் சிறுத்து, இல்லாமல் போயின. காற்று விட்டுவிட்டு அடிக்கவில்லை. ஒரே மூச்சாக, எங்கேயோ போகவேண்டிய அலுவல் உள்ளது மாதிரி, எங்களைக் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் பேர்கனில் வட கடலின் புயல்களைப் பார்த்தவன். அங்கே மலை இருக்கிறது. காற்று வந்து முட்டும், கோபிக்கும். இங்கே முட்ட ஒன்றும் இல்லை. அதனால் அதற்குக் கோபமும் இல்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. இருபது வயது வரை நூறு தரம் கடந்துபோன வெளி. இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

தெருக்கரையில் இன்னும் தெரிந்துகொண்டிருந்த ஒரு துண்டு மண்ணில் நாரைகள் நின்றன. எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, காற்றை நேரே பார்த்துக்கொண்டு, அசையாமல். பறந்துபோகவும் இல்லை, பதுங்கவும் இல்லை. என் பிள்ளை இதற்குள் எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிந்திருந்த அந்த நேரத்திலும், கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. எதை என்று கேட்டால் தெரியாது.

பொலிஸ்காரரிடம் ஓடினேன். வாயைத் திறந்தேன். நோர்வே மொழி வந்தது. என் மகள், பஸ், மஞ்சள் மழையங்கி என்று ஒரு நிமிடமாவது நோர்வே மொழியில் அவருக்குச் சொல்லியிருப்பேன். இருபத்தைந்து வருடம் படிவங்களோடு போராடிப் படித்த மொழி. பேர்கனில் மருத்துவரிடம் போனால் வராமல் நிற்கும் அது, பிறந்த மண்ணில் நின்று பயந்தபோது வெள்ளமாக வந்தது. அண்ணை என் தோளைப் பிடித்து உலுப்பினார். "தம்பி, தமிழிலை சொல்லு!"

பஸ் ஒன்று நடு வெளியில் நிற்கிறது என்று பொலிஸ்காரர் சொன்னார். முனியப்பர் கோயிலடியில். வல்லையைக் கடக்கிற வாகனம் எதுவும் முனியப்பரிடம் நிற்காமல் போகாது; நடத்துநர் இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு ஏறுவார். அன்றைக்கும் அப்படி நின்றதாம். நின்ற இடத்திலேயே தண்ணீர் ஏறி இயந்திரம் நின்றுவிட்டதாம். கடைசியாக இந்தப்பக்கம் வந்த மோட்டார் சைக்கிள்காரர் சொன்னது அவ்வளவுதான். அதன் பிறகு ஒருவரும் வரவில்லை.

"உள்ளுக்கை நிக்கிற ஆக்களின்ரை விபரம் எடுக்கிறம். பேர்?"

சொன்னேன்.

"வயசு? ஊர்?"

பத்தொன்பது என்றேன். ஊருக்கு எதைச் சொல்வது? பேர்கன் என்றால் அவர் எழுதமாட்டார். இணுவில் என்று வாய் போனது. அவள் இணுவிலில் மொத்தமாகத் தங்கியதே சில கிழமைகள்தான். "தாய் நெல்லியடி. நான் இணுவில். பிள்ளை பிறந்தது வெளியிலை" என்று இழுத்தேன்.

தேத்தண்ணிக் கடைக்குள் மழைக்கு ஒதுங்கி, அந்தப்பக்கம் போகவேண்டியவர்களும் இந்தப்பக்கத்தவர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். காதில் தோடு மின்ன, கையில் மரக்கறிப் பையோடு நின்ற, வல்லைக்கு அங்கால் கரவெட்டி ஊர் அம்மா ஒருவர் உள்ளேயிருந்தே சத்தம் போட்டார்.

"தாய் நெல்லியடி எண்டால் பிள்ளை வடமராட்சி. எழுது தம்பி, யோசியாதை."

கடைக்காரர் விடவில்லை. "அதெப்பிடி? தேப்பன் இணுவிலார் எல்லோ? பிள்ளை வலிகாமத்துப் பிள்ளை."

"வலிகாமத்துப் பிள்ளை உந்தக் காத்துக்குள்ளை வெளிக்கிட்டிருக்குமோ? உதைப் பாத்தே தெரியேல்லையே ஆரின்ரை ரத்தம் எண்டு!"

"ஓமணை, உங்கடை ரத்தம்தான். அதுதான் சொல்லுக் கேளாமல் வெளிக்கிட்டது."

மூலையில் தோளில் சாக்குப் போட்டுக்கொண்டு நின்ற ஒரு முதியவர், புங்குடுதீவாராம், மெல்லத் தொண்டையைச் செருமினார். "எங்களைத்தான் எல்லாரும் தீவார், தீவார் எண்டு பகிடி பண்ணுறியள். வெளியிலை எட்டிப் பாருங்கோ. இண்டைக்கு எல்லாரும் தீவார்தான். பிள்ளையை எங்கடை பக்கத்திலை எழுதுங்கோ."

கடை முழுக்கச் சிரித்தது. நனைந்து, நடுங்கி, வீட்டுக்குப் போகமுடியாமல் நின்றவர்கள். அந்தக் கரவெட்டி அம்மாவின் மகனும் வேலையிலிருந்து அதே வெளியால்தான் வரவேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். சிரித்து முடித்ததும் அவர் என்னிடம் வந்து, தன் பையிலிருந்த காய்ந்த துவாயை எடுத்து என் தலையில் போட்டார். "துடையுங்கோ. பிள்ளை வரேக்கை தேப்பன் காய்ச்சலோடை நிக்கக் கூடாது."

என் மகளை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. ஆனால் அவளுக்காகச் சண்டை பிடித்தார்கள். தங்கள் பக்கம், தங்கள் பக்கம் என்று இழுத்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளை என்று ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிரியைக்கு நான் தாளில் வரைந்து காட்டமுடியாமல் போனது இதுதான். அன்றைக்கு வானத்தைப் பார்த்து வியந்ததைவிட அந்த ஒடுங்கிய கடைக்குள் நின்று நான் வியந்தது அதிகம். பொலிஸ்காரர் ஊர் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

5

மனைவியிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லமுடியவில்லை. தொடர்பில்லை. பேர்கனில் அவள் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அவள் சில நேரம் சொல்வாள், "நீங்கள் ரெண்டு பேரும் எப்பவாவது ஒருநாள் மனுசர் மாதிரிக் கதைச்சிருந்தால்..." அவளும் அந்தப் பகிடிக்குச் சிரித்து வளர்ந்தவள்தான்.

ஆரணி இப்போது த்ரொண்ட்ஹெய்மில் படிக்கிறாள். தூரம். எனக்குக் கிழமைக்கு ஒருதரம் எடுப்பாள், அதுவும் நான் மூன்று தரம் எடுத்த பிறகு. நேசனுக்கு அவளாகவே எடுக்கிறாள். என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டால், "வெதர்" என்கிறாள். பனி கொட்டினால் படம் அனுப்புவாளாம். "இதுக்கை நிண்டு இரும்பு விப்பீங்களோ மாமா?" என்று கீழே எழுதுவாளாம். ஒவ்வொரு தரமும் வானிலை அறிவிப்பில் த்ரொண்ட்ஹெய்மில் காற்று என்று வந்தால் நான் உடனே அவளுக்குச் செய்தி போடுகிறேன். அவள் ஒரு சிரிக்கும் முகத்தை மட்டும் அனுப்புகிறாள்.

ஆனால் நான் சொல்லவந்தது இதை அல்ல.

6

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மேற்கில் முகில் ஓரிடத்தில் கிழிந்தது. வெளி முழுவதும் ஒரு நொடியில் செம்பு நிறமாக எரிந்தது. கடைக்குள் நின்ற எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நாரைகள்கூட அந்த வெளிச்சத்தில்தான் முதல்முதலாக அசைந்தன. அந்த வெளிச்சத்துக்குள், நீருக்கு மேலே, ஒரு கறுப்புப் புள்ளி. அது தண்ணீரில் நடந்து வருவது போல இருந்தது. பிறகு சத்தம் கேட்டது. டக்கு டக்கென்று, நெஞ்சு அடிப்பது மாதிரி.

"லான்ட்மாஸ்ரர்!" என்று யாரோ கத்தினார்கள். கையால் பிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் பெட்டி. பெட்டி நிறைய மனிதர்கள். நடுவில் ஒரு மஞ்சள்.

மறித்திருந்த வாங்கைத் தாண்டி நான் தண்ணீருக்குள் ஓடினேன். அண்ணை பின்னால் ஓடிவந்தார். தண்ணீர் முழங்கால் வரை வந்ததும் நின்றுவிட்டேன்.

ஓட்டிவந்தது நேசன். அவன் கடைக்கு மணல் ஏற்றிவருகிற மனிதரின் இயந்திரமாம் அது. நெல்லியடிப் பக்கத்திலிருந்து வல்லைப் பாலத்தைத் தாண்டி, கோயிலடிக்குப் போய், பஸ்ஸுக்குள்ளும் கோயில் மண்டபத்திலும் நின்றவர்களில் பிள்ளைகளையும் பெண்களையும் வயது போனவர்களையும் ஏற்றியிருக்கிறான். மற்றவர்கள் மேடான மண்டபத்தில் பத்திரமாக நின்றார்களாம். திரும்பிப்போய் ஏற்ற வேண்டும். இவர்களை ஏற்றுவதற்குள் பாலத்துப் பக்கம் நீரோட்டம் கூடிவிட்டது. வந்த வழியே போகமுடியாது. ஆகவே எங்கள் பக்கம் வந்திருக்கிறான்.

இயந்திரத்தை நிறுத்தினான். சாரமும் சேட்டும் நெஞ்சு வரை சேறாகி, கண் இரண்டும் சிவந்து, பிடியை விடாமல் நின்றான். என்னைப் பார்த்தான். நான் அவனுடைய கையைப் பிடித்தேன். அது பிடியிலிருந்து கழலாமல் விறைத்திருந்தது.

பெட்டியிலிருந்து ஆரணி இறங்கினாள். முகமெல்லாம் சேறு. முனியப்பரின் திருநீறு நெற்றியில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. யாருடையதோ குழந்தை ஒன்று அவளுடைய மழையங்கிக்குள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நித்திரை. குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். முழங்கால் தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்தாள், அண்ணையைப் பார்த்தாள், திரும்பி நேசனைப் பார்த்தாள். எல்லோருடைய முகமும் அழுகிற முகம். பிறகு இடுப்பில் கையை வைத்தாள். வல்லைக் காற்றை மேவி, நெல்லியடி வரை கேட்கக்கூடிய குரலில் சொன்னாள்:

"அப்பா, பெரியப்பா, ரெண்டு பேரும் இஞ்சை வந்திட்டியள். அப்ப இணுவிலிலை படலையை ஆர் சாத்துறது?"